காவலுக்கு நின்ற பிள்ளைகள்

1

மாசி மாதத்து இரவு. நீலாங்கரைக் கரையிலிருந்து வடக்குப் பார்த்து நடக்க ஆரம்பித்தபோது மணி 12-ஐத் தாண்டியிருந்தது. சுமார் 30 பேர் இருந்தோம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்த அப்பாக்கள், அன்றைக்கு ஷிஃப்ட் முடித்து நேராக வந்த இரண்டு ஐ.டி. ஊழியர்கள், ஒரு ஜோடி, நான். எங்களைக் கூட்டிப்போன பெண்ணுக்கு 20 வயது இருக்கும், கல்லூரி மாணவி. கையில் ஒரு குச்சி, தோளில் துணிப்பை, பையில் ஒரு நோட்டு.

“டார்ச் அடிக்காதீங்க. போன் வெளிச்சமும் வேணாம். ஆமையைப் பார்த்தா நான் சொல்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது. நிறைய ராத்திரி ஒண்ணுமே பார்க்காமத்தான் திரும்புவோம், அதுக்கும் ரெடியா இருங்க” என்றாள். அவ்வளவுதான் முன்னுரை.

பாலவாக்கம் தாண்டி கொட்டிவாக்கத்துக்கு வரும்போது பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். கொட்டிவாக்கம் குப்பத்தில் படகுகளை மேலே ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஃபைபர் படகின் ஓரமாக வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்காமலே கையை நீட்டினார். “அந்தாண்ட ஒண்ணு ஏறிப் பூட்டு எறங்கிடுச்சும்மா. நாய் வர்றதுக்குள்ள பாரு.”

அவர் காட்டிய இடத்தில் டிராக்டர் டயர் உருண்டுபோன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே போய், கொஞ்சம் சுற்றி, மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தது. அந்தப் பெண் மண்டியிட்டுக் குச்சியை மணலில் மெல்ல அங்கங்கே இறக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்த மணல் ஓரிடத்தில் சட்டென்று விட்டுக்கொடுத்தது. அங்கே கையால் தோண்ட ஆரம்பித்தாள். முழங்கைக்கு மேல் உள்ளே போனபின் முதல் முட்டை வந்தது. பிங்பாங் பந்து அளவு, வெள்ளை, தொட்டால் தோல் மாதிரி இளகிக் குழிகிறது. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். 117.

என் பக்கத்தில் நின்ற பையன், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறவன், மெதுவாகக் கேட்டான்: “அக்கா, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?”

“எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கு ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தாராம். அவருக்கு யாருன்னு தெரியலப்பா.”

அந்த ‘யாருன்னு தெரியல’யைத் தேடிப்போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

2

கடலாமை மணலில் முட்டையிடுவதைத் தமிழர்கள் பார்ப்பது புதிதல்ல. அகநானூற்றின் 160-வது பாடல், குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது, இதைப் பேசுகிறது. நெய்தல் கரையில், அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில், சூல் முற்றிய ஆமை முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. முட்டையின் உருண்டை வடிவம், அதன் புலால் நாற்றம், எல்லாம் பாட்டில் இருக்கின்றன. இரவில் கரையில் நின்று பார்த்த யாரோ ஒருவரின் கண் அதற்குள் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை முட்டைக்குக் காவல் இருக்கும் என்கிறது பாடல். உண்மையில் ஆண் கடலாமை கரைக்கே வருவதில்லை. பெண்ணும் மணலை மூடி, உடம்பால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குள் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த 45 முதல் 55 நாள்கள் அந்த முட்டைகளுக்குக் காவல் என்று யாரும் கிடையாது.

சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. கடலாமைகளில் சிறிய வகை, ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல், எடை 40, 50 கிலோ. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும். ஒரு தடவைக்கு 100 முட்டைக்குக் கொஞ்சம் கூடக்குறைய. முட்டையை மனிதர்கள் எடுத்தார்கள், நாய்கள் தோண்டின, நரிகள் தோண்டின. ஆமை இட்டது நூறு என்றால் அதில் யாருக்கும் பங்கு உண்டு என்பதுபோல் ரொம்ப காலம் நடந்தது.

இதைக் கணக்கெடுக்க வேண்டும், காப்பாற்ற வேண்டும் என்று சென்னையில் முதலில் தோன்றியது பாம்புக்காரர்களுக்கு. ராமுலஸ் விட்டேக்கர் நடத்திய சென்னைப் பாம்புப் பண்ணை 1972-ல் கிண்டியில் நிலைகொண்டது. பாம்பைப் பார்த்துப் பயப்பட வந்த கூட்டத்துக்குப் பாம்பைப் பற்றிப் பாடம் சொல்லி அனுப்பிய இடம் அது. ‘இயற்கைக் கல்வி மையம்’ என்று இன்று சொல்வதை இந்த ஊர் முதலில் பார்த்தது ஏறக்குறைய அங்கேதான். அங்கே வந்து ஒட்டிக்கொண்ட இளைஞர்கள் இரவுகளில் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். 1973-ல் பாம்புப் பண்ணையின் முயற்சியில் ஆமைக் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்று தொடங்கியது. கரையில் கிடைத்த முட்டைகளை எடுத்துவந்து, வேலியடைத்த மணலில் அதே ஆழத்தில் குழிதோண்டிப் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவது. உபகரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாய் வராமல் வேலி, ராத்திரி விழித்திருக்க ஆள்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். ஆமை பிடித்துக்கொண்டது, படிப்பு விட்டுப்போனது. இந்தியக் கடற்கரையில் சுமார் 4,000 கிலோமீட்டரை, குஜராத்திலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகள்வரை, பெரும்பாலும் தனியாக நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982-ல் லட்சத்தீவின் சுஹேலித் தீவில், மழைக்காலத்தில் படகே வராத மாதங்களில், ஆளில்லாத இடத்தில் தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் போட்டு அலையில் விட, 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பிவைத்தார். 2023-ல் பாஸ்கர் இறந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றி ‘டர்ட்டில் வாக்கர்’ என்ற ஆவணப்படம் வந்தது. அந்த நீண்ட நடைக்கு அவர் பழகியது நம் சென்னை மணலில்.

இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, கடலின் இன்னொரு பக்கத்தில் இதே வேலையை ஒருவர் தொடங்கியிருந்தார். கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கரையில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1950-களில் பேராமைகளுக்கு அடையாளத் தகடு மாட்ட ஆரம்பித்தார். 1956-ல் அவர் எழுதிய ஒரு பயண நூலைப் படித்த சிலர் சேர்ந்து ஆமைக்காக ஒரு சங்கம் அமைக்க, 1959-ல் அது முறையான அமைப்பானது. அங்கே ஒரு பல்கலைக்கழகமும் புத்தகமும் பணமுள்ள வாசகர்களும் இருந்தார்கள். இங்கே இருந்தது ஒரு பாம்புப் பண்ணை.

3

பாம்புப் பண்ணை அந்த வேலையை எப்போதைக்குமாக நடத்தவில்லை. 1970-களின் பின்பாதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பொரிப்பகத்தை எடுத்துக்கொண்டது. 1980-களில் அது தமிழ்நாடு வனத்துறையின் கைக்குப் போனது. இதற்கிடையில் சட்டம் வலுத்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில், 1977-ல் கடலாமைகள் சேர்க்கப்பட்டன. ஆமையைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம் ஆனது.

சட்டம் இருந்தது, துறை இருந்தது. ஆனாலும் 1980-களின் கடைசியில் சென்னைக் கரையில் பொரிப்பகம் நின்றுபோயிருந்தது. 15 ஆண்டுகளில் மூன்று கை மாறிய வேலை, நான்காவது கை இல்லாமல் கீழே கிடந்தது.

1988-ல் அதை எடுத்தவர்கள் மாணவர்கள். கார்த்திக் ஷங்கரும் அவரது நண்பர்களும் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எஸ்.எஸ்.டி.சி.என். என்றால்தான் பெசன்ட் நகரில் ஆளுக்குத் தெரியும். அலுவலகம் கிடையாது, சம்பளக்காரர் கிடையாது. ஜனவரி வந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை, சுமார் 7 கிலோமீட்டர், இரவில் நடப்பது. கிடைத்த முட்டைகளைப் பெசன்ட் நகர்க் கரையில் தட்டி கட்டிய பொரிப்பகத்தில் புதைப்பது. குஞ்சு வந்தால் விடுவது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர். அப்போது கொட்டிவாக்கம் சென்னைக்கு வெளியே இருந்த பஞ்சாயத்து. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான்.

ஷங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியரானார். இந்தியாவில் கடலாமைகளின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அவரோடு தொடங்கியவர்கள் வேலை, கல்யாணம், வெளியூர் என்று பிரிந்துபோனார்கள். ஆனால் நடை நிற்கவில்லை. 1988-க்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் யாராவது நீலாங்கரையில் வந்து நிற்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியம் இதுதான். கட்டடமும் பட்ஜெட்டும் ஊழியர்களும் உள்ள நிறுவனங்கள் சில ஆண்டுகளில் விட்ட வேலையை, நிரந்தரம் என்பதே இல்லாத ஒரு கூட்டம் 35 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வைத்திருக்கிறது. மாணவர் என்றாலே மூன்று வருஷத்தில் போகப்போகிறவர். பங்குனி ஆமை பருவத்துக்கு வர ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டு ஆகும். தான் கடலில் விட்ட குஞ்சு முட்டையிடத் திரும்பி வரும்போது அந்த மாணவர் இந்த ஊரிலேயே இருக்கமாட்டார். அப்படியிருந்தும் எப்படி?

நான் யோசித்துப் பார்த்ததில் தோன்றும் காரணம் ஒன்று. நிறுவனத்துக்குப் பொரிப்பகம் ஒரு திட்டம். திட்ட காலம் முடியும், அதிகாரிக்கு மாற்றல் வரும், அடுத்தவருக்கு வேறு வேலை இருக்கும். மாணவர்களுக்கோ, அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன் என்பது முதல் நாளே தெரியும். ஆகவே இந்த வருஷமே யாருக்காவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொடுப்பது வேலையோடு ஒட்டிய கூடுதல் நிகழ்ச்சியாக இருக்கவில்லை. அது நடக்காவிட்டால் வேலையே நின்றுவிடும்.

4

அந்தச் சொல்லிக்கொடுத்தல் எப்படி நடக்கிறது என்று கொட்டிவாக்கத்தில் அந்த ராத்திரி பார்த்தேன்.

முதலில் தடம். பங்குனி ஆமை துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கும், அதனால் அதன் தடம் இடமும் வலமும் சமமில்லாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். பேராமை இரண்டு கால்களையும் ஒரேசமயத்தில் உந்தும், தடம் சமமாக விழும். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை வைத்துச் சொல்ல வேண்டும். சில சமயம் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். நாய் துரத்தினாலோ வெளிச்சம் அடித்தாலோ அப்படி நடக்கும். அதையும் தடத்திலேயே படிக்கலாம்.

பிறகு குச்சி. ஆமை தோண்டிய குழியில் மணல் இளகியிருக்கும், குச்சி இறங்கும். உலகம் முழுக்க முட்டை எடுத்துத் தின்றவர்களும் விற்றவர்களும் கையாண்ட பழைய முறை இது. ஜாக்கிரதையாகச் செய்யாவிட்டால் முட்டை உடையும். எத்தனை அழுத்தம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை யாரும் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது, கைமேல் கை வைத்துத்தான்.

பிறகு நேரம். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையை மாற்ற வேண்டும். அதன்பின் கரு முட்டைத் தோலின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு உருட்டினால் கரு சாகும். அதனால்தான் நடை ராத்திரியில், அதனால்தான் திரும்பும் வழியில் பையை யாரும் ஆட்டக் கூடாது. பையைத் தூக்கிவரும் பொறுப்பு அன்றைக்கு அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கிடைத்தது. திருவான்மியூர் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொரிப்பகத்தில் குழி பானை வடிவத்தில் இருக்க வேண்டும், வாய் குறுகி, அடி அகன்று. ஆழம் ஒன்றரை அடி. ஆமை பின்கால் துடுப்புகளால் தோண்டும் அதே வடிவம். ஒவ்வொரு குழிக்கும் எண், தேதி, எத்தனை முட்டை, எங்கே கிடைத்தது. நோட்டில் ‘கொட்டிவாக்கம், 117’ என்று எழுதினார்கள். 45 நாள் நெருங்கும்போது மேலே கூடையைக் கவிழ்ப்பார்கள், குஞ்சுகள் வெளியே சிதறாமல் இருக்க. பொரித்து முடிந்தபின் குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணுவார்கள். எத்தனை பொரித்தது, எத்தனை கெட்டது, எத்தனை பாதியில் செத்தது.

இந்த எண்ணும் வேலை நாற்றமடிக்கும். சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு தடவை எண்ணியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். “குஞ்சு விடறதைப் பார்க்க எல்லாரும் வருவாங்க. கெட்ட முட்டையை எண்ண வர்றவங்கதான் அடுத்த வருஷம் டீமுக்கு.”

ஒருங்கிணைப்பது என்றால் என்ன என்று அவளிடம் கேட்டேன். பெரும்பாலும் போன்தான் என்று சிரித்தாள். எந்தப் பள்ளி எந்த வெள்ளிக்கிழமை, எந்த அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருக்குப் பரீட்சை, யார் இன்றைக்கு விழித்திருப்பது, மூன்று பேருக்கு மேல் ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் யாரை எழுப்பி நடக்கவைப்பது. பொதுமக்கள் வருகிற வாரக் கடைசி இரவுகள் இரண்டுதான். மற்ற இரவுகளில் ஆமை வராமல் இருக்காது.

5

கரையில் இது நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுற்றுச்சூழல் கல்வி என்ற சொல் அரசாங்கத் தாள்களில் வளர்ந்துகொண்டிருந்தது. 1977 அக்டோபரில், அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் டிபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சூழல் கல்வி வகுப்பறைக்கு வெளியேயும் வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டும் என்றது. இந்தியாவில் 1984-ல் அகமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையம் வந்தது. 1989-ல் சென்னையில் சி.பி. ராமசாமி ஐயர் பெயரிலான சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆழ்வார்ப்பேட்டையில் வந்தது. 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளி கல்லூரிகளில் சூழல் கட்டாயப் பாடம் ஆக வேண்டும், சினிமா தியேட்டர்களில் இலவசமாக சூழல் பற்றிய ஸ்லைடு போட வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. 2001-ல் பள்ளிதோறும் தேசியப் பசுமைப் படை. இதை வாசிக்கும் பலர் கல்லூரியில் ஈ.வி.எஸ். பேப்பர் எழுதியிருப்பீர்கள். முந்தின ராத்திரி படித்து, பாஸாகி, மறந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான்.

அந்த உத்தரவுகளை நான் குறைசொல்லவில்லை. அவை இல்லாமல் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்கவே முடிந்திருக்காது. அடையாற்று முகத்துவாரத்தில் குப்பை மேடாகக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் தொகுதி தொகுதியாக அங்கே வந்து நீர்க்கோழியையும் அலையாத்தியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்ப்பதும் படிப்புதான்.

வேறுபாடு ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். பூங்காவுக்கு வரும் பிள்ளை விருந்தாளி. அவன் வராவிட்டாலும் நீர்க்கோழி நீந்தும். கொட்டிவாக்கத்தில் பையைத் தூக்கிய பையன் வராவிட்டால் வேறு யாராவது அதைத் தூக்கியாக வேண்டும். தூக்க யாரும் இல்லாவிட்டால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும். 14 வயதில், தன் கையில் இருப்பது உண்மையிலேயே தன்னை நம்பியிருக்கிறது என்று தெரிகிற வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கிடைக்கிறது?

6

இந்தக் கதையை இதுவரை சொன்ன விதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொட்டிவாக்கத்துப் படகோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் இதில் எங்கே வருகிறார்?

பாம்புப் பண்ணை, ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, மாணவர்கள் என்று அடுக்கினால், கரையில் பரம்பரையாக இருப்பவர்கள் ‘முட்டை எடுத்தவர்கள்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். ஆமை எந்த மாதம் வரும், எந்தக் காற்றில் வரும், எந்த மேட்டில் ஏறும் என்ற அறிவு முதலில் இருந்தது அவர்களிடம். நகரத்திலிருந்து நோட்டோடு வந்த மாணவர் கற்றுக்கொண்டது, சட்டம் குற்றவாளி என்று சொன்னவரின் வித்தையை. கல்வி என்று இதைச் சொன்னால், இதில் ஆசிரியர் யார், மாணவர் யார்?

அந்த ஓட்டையை அடைக்கிற வேலையும் இதே கரையில் நடந்தது. 2002-ல் நீலாங்கரைப் பக்கம் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ‘ட்ரீ ஃபவுண்டேஷன்’, மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாக்கியது. தங்கள் கரையில் தாங்களே நடந்து, தாங்களே பொரிப்பகம் பார்த்து, சிறு ஊதியத்தோடு. வெளியிலிருந்து வரும் மாணவருக்கு இது வார இறுதி அனுபவம். குப்பத்துப் பையனுக்கு இது வீட்டு வாசல். அவனுடைய தாத்தா குச்சியால் முட்டை தேடியவர், அவன் அதே குச்சியோடு முட்டைக்குக் காவல். இந்த மாற்றத்தைப் பாடத்திட்டம் எழுதி யாரும் கொண்டுவந்திருக்க முடியாது.

இன்னொன்று. ஆமையைக் கொல்வது கட்டுமரக்காரரோ ஃபைபர் படகுக்காரரோ என்று நகரத்தில் பலர் நினைக்கிறார்கள். கடலாமை நுரையீரலால் மூச்சுவிடுகிற உயிர், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். பெரிய விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுக்கும் இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவலை போடக் கூடாது. அந்த விதி மீறப்படும்போது ஆமையும் சாகிறது, குப்பத்துக்காரரின் வலையும் அறுகிறது, அவர் பிடிக்க வேண்டிய மீனும் போகிறது. ஆமைக்கும் சின்ன மீனவருக்கும் இதில் வழக்கு ஒன்றே.

7

இத்தனை நடந்தும் ஆமை பிழைக்கிறதா?

நேர்மையான பதில் சுலபமாக இல்லை. குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியென்றால் ஒரு வளர்ந்த ஆமை இழுவலையில் சாகும்போது, ஒரு பருவம் முழுக்கப் பல பேர் தூக்கம் கெட்டு விட்ட குஞ்சுகளின் பலன் போய்விடுகிறது. பொரிப்பகங்களால் ஆமைத் தொகை எவ்வளவு கூடியது என்பதைவிட, அவை உண்டாக்கிய விழிப்பும் ஆட்களும்தான் பெரிய பலன் என்று, இந்த வேலையைத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மணலின் வெப்பம் இன்னொரு கவலை. பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் போனால் பெண்ணே அதிகம். ஆகவே மார்ச் வெயிலில் பொரிப்பகத்துக்கு மேலே நிழல் போட வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் மூன்றாவது. குஞ்சு மணலுக்கு வெளியே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். ஆதி காலத்திலிருந்து அது கடல்தான், நட்சத்திரமும் அலை நுரையும் மின்னும் பக்கம். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையும், கரையோர வீடுகளும், விடுதிகளும், உயர்கோபுர விளக்குகளும் அதைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. குஞ்சு ஊருக்குள் ஓடும். கடற்கரை விளக்குகளை முட்டைக் காலத்தில் அணைக்கச் சொல்லி வருஷா வருஷம் மனு கொடுப்பதும் இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று.

2025 ஜனவரியில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். சென்னையை ஒட்டிய கரைகளில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பிரேதப் பரிசோதனைகள் வலையில் மூழ்கிச் செத்ததைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தது. அதற்கு முன், ஒவ்வொரு அதிகாலையும் செத்த ஆமையை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, மறுபடி எண்ணாமல் இருக்க ஓட்டில் பெயின்ட்டால் குறி போட்டு, நோட்டில் எழுதியவர்கள் கரையில் நடந்த தன்னார்வலர்கள். ஓர் ஆமை வலையில் செத்தது என்பதற்கு நடுக்கடலில் சாட்சி கிடையாது. கரையில் யாராவது எண்ணினால்தான் அது கணக்கு, எண்ணாவிட்டால் வெறும் நாற்றம்.

கெட்ட முட்டையை எண்ணக் கற்றவர்கள் அந்த மாதம் செத்த ஆமையை எண்ணினார்கள். ஐம்பது ஆண்டு வேலையின் பலன் எது என்று என்னைக் கேட்டால், கடலில் விட்ட குஞ்சுகளோடு இதையும் சேர்ப்பேன். ஒரு நகரத்தின் கடற்கரையில், செத்தது எத்தனை என்று சொல்லக்கூடியவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

8

அன்றைக்குப் பெசன்ட் நகர் போய்ச் சேரும்போது நாலு மணி. பொரிப்பகத்தில் குழி தோண்டி 117 முட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசி முட்டையை அந்தப் பையன் வைத்தான். கையை உதறிவிட்டு அப்பாவிடம் போய் நின்றான். “இது எப்ப பொரிக்கும்?” என்றார் அப்பா. “ஏப்ரல்லப்பா. எனக்கு அப்ப ஆனுவல் எக்ஸாம்” என்று அவன் கவலையோடு சொன்னான்.

நோட்டை மூடிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “பரவால்ல, எழுதிட்டு சாயங்காலமா வா. ஆறு மணிக்குத்தான் விடுவோம். அடுத்த ஜனவரி நான் ஊர்ல இருக்கமாட்டேன், அதுக்குள்ள உனக்குக் குச்சி போடச் சொல்லித் தந்துடறேன்.”

நப்பசலையார் பாட்டில் முட்டைக்குக் காவல் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. இயற்கையில் அந்தப் பாத்திரம் இல்லை. இந்தக் கரையில் 1973 முதல் யார் யாரோ அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அதிக நாள் தாக்குப்பிடித்தவர்கள், அங்கே நிலையாக நிற்க முடியாது என்று தெரிந்தவர்கள்.

அந்தப் பையன் ஏப்ரலில் வந்தானா என்று கேட்டேன். வந்தானாம். 117-ல் 94 பொரித்திருந்தது. மிச்சம் 23-ஐ எண்ணியது அவன்தான்.